ஹெப்பரின் இல்லாத வெள்ளிக்கிழமை

மாதா அறிய, இதில் ஒரு சொல்லும் பொய் இல்லை.

மீனின் அளவை மட்டும் சற்றுக் குறைத்திருக்கிறது. உள்ளபடி சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

கஸ்பாரின் இடது கையில் இரண்டு ஊசிகள். ஒன்றின் வழியே ரத்தம் வெளியே போனது. இன்னொன்றின் வழியே திரும்பி வந்தது. நடுவில் டயாலிசிஸ் இயந்திரம். அதன் விலாவில், ஒரு முழ நீளத்துக்குக் கண்ணாடிக் குழல் போல ஃபில்டர்.

அவர் அந்த ஃபில்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வழக்கமாக, ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பரின் போடுவார்கள். இன்று கிடையாது. காலையில்தான் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியிருந்தது. ஹெப்பரின் போட்டால் பல் போன குழியில் ரத்தம் நிற்காது. போடாவிட்டால் ஃபில்டரில் ரத்தம் ஓடாது, கட்டிவிடும்.

போன மாதம் ஒருமுறை கட்டியது. ஒரு தம்ளர் ரத்தம் ஃபில்டரோடு குப்பைக்கூடைக்குப் போனது. அவரிடம் அவ்வளவு ரத்தம் உபரியாக இல்லை. இன்றும் கட்டினால் ரத்தம் ஏற்றவேண்டும். திங்கட்கிழமை வரை ஆஸ்பத்திரியிலேயே கிடக்கவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பேத்திக்குப் புதுநன்மை. முதன்முதலாக நற்கருணை வாங்கப்போகிறாள். தாத்தா முன்வரிசையில் இருக்கவேண்டும் என்று சொல்லியிருக்கிறாள்.

"தாத்தா, நாலு மணி நேரம் இந்தக் கை அசையப்பிடாது," என்றாள் ஜெபராணி சிஸ்டர். "அசைஞ்சா மிஷின் நிக்கும். மிஷின் நின்னா ரத்தம் நிக்கும். நின்ன ரத்தம் கட்டிரும். அரை மணிக்கொருக்க நான் உப்புத்தண்ணி விட்டுக் கழுவுதேன். நீங்க சும்மா கெடந்தாப் போதும்."

சும்மா கிடப்பது.

அவருக்குத் தெரியாத ஒரே வேலை.

நாற்பது வருடம் கடலுக்குப் போனவர். கையை ஆட்டாமல் பேச வராது. பாவசங்கீர்த்தனத்தில் கூட அவர் கை பட்டு ஒருமுறை சாமியாரின் மூக்குக்கண்ணாடி விழுந்திருக்கிறது.

முதல் அரை மணி நேரம் தாக்குப்பிடித்தார்.

சிஸ்டர் உப்புத்தண்ணீரைத் திறந்தாள். வாய்வழி கேட்டால் ஒரு மிடறு தராதவள், குழாய்வழி தாராளமாக விட்டாள். ஃபில்டர் சிவப்பு வெளிறி, ரோஜா நிறமாகி, வெள்ளையானது. ரத்தம் கட்டியதைக் காட்டும் கறுப்புக் கோடு ஒன்றும் இல்லை.

உடம்புக்குள் உப்புத்தண்ணீர் வந்ததும் கடல் நினைவு வந்துவிட்டது. அவர் என்ன செய்வார்?

"ஓய் சுடலைமணி," என்றார், இடப்பக்கக் கட்டிலைப் பார்த்து. "மணப்பாட்டுக்குத் தெக்க ஒரு திருக்கை மாட்டுச்சு பாரும்."

சுடலைமணி லாரி ஓட்டியவர். அவருக்கு வலது கையில் ஊசி.

"எம்புட்டுப் பெருசு, கஸ்பார் அண்ணாச்சி?"

அங்கேதான் சிக்கல்.

அவர் வலது கையை விரித்தார். திருக்கையின் ஒரு றெக்கை அந்த விரல்நுனியில் வந்து நின்றது. மறு றெக்கையைக் காட்ட இடது கை துடித்தது.

இயந்திரம் 'கீ' என்றது.

சிஸ்டர் திரும்பினாள். கை ஒன்றும் அறியாததுபோலக் கிடந்தது. பம்ப் மறுபடி சுற்றியது.

"பாதி மீனை எப்படிவே காட்டுறது?"

சுடலைமணி யோசித்தார். பிறகு தன்னுடைய இடது கையைச் சுவர்ப்பக்கமாக நீட்டினார்.

"இதை அந்தப் பக்கத்து றெக்கைன்னு வச்சுக்கிடும்."

இரண்டு கட்டில், இரண்டு இயந்திரம், ஒரு முக்காலி. அத்தனைக்கும் மேலே திருக்கை விரிந்து கிடந்தது.

கஸ்பாருக்கே மூச்சு முட்டியது. இவ்வளவு பெரிதாக அவர் இதுவரை சொன்னதில்லை.

எதிர்க்கட்டில் பிச்சம்மாள் போர்வைக்குள்ளிருந்து ஒரு காலைத் தூக்கினாள். "வாலு வேண்டாமா?"

அடுத்த உப்புத்தண்ணீர் வந்தது. அதை அலை என்று சொல்லிக்கொண்டார்கள். மூன்றாவது அலையில் திருக்கை வள்ளத்தை இழுத்துக்கொண்டு இலங்கைப் பக்கம் திரும்பியது.

"அண்ணாச்சி, கை கடுக்கு."

"மீனு அப்படிச் சொல்லுச்சாவே? தூக்கும். றெக்கை தாழுது."

ஐந்தாவது அலைக்கு சிஸ்டர் ஃபில்டரைப் பார்த்தாள். ஓரத்தில் மயிரிழை போல ஒரு கறுப்பு. அவள் முகம் மாறியது.

வால் கூட ஆடவில்லை.

அவர் இடது கையைப் பார்த்தார். மீனைப் பார்த்தார்.

இந்தக் கதையில் எப்போதும் மீன் கரைக்கு வரும். நாலு பேர் சேர்ந்து தூக்க, அவர் இரண்டு கையாலும் கயிற்றைச் சுண்டி இழுப்பார். அந்த இடத்தில் எழுந்தே நின்றுவிடுவார்.

ஒற்றைக் கையால் எப்படி இழுப்பது?

கயிற்றை விட்டுவிட்டார்.

திருக்கை ஒருமுறை றெக்கை அடித்தது. பிறகு மெதுவாக, கட்டில்களுக்கு அடியில், இறங்கிப் போயிற்று. சுடலைமணி கையை மடக்கிக்கொண்டார். பிச்சம்மாள் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

நான்கு மணி நேரம் முடிந்தது. கடைசிச் சொட்டு ரத்தமும் கைக்குத் திரும்பி வந்தது. சிஸ்டர் ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

வெள்ளை. அந்த ஒரு மயிரிழை மட்டும்.

"தப்பிச்சீங்க தாத்தா. ஞாயித்துக்கிழமை முன்வரிசையில போய் உக்காருங்க."

அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

பல் டாக்டர் காலையில் கடைவாயில் திணித்து, இறுக்கிக் கடிக்கச் சொன்ன பஞ்சை எடுக்க, அதற்குப் பிறகு அப்போதுதான் அவர் முதன்முறையாக வாயைத் திறந்தார்.