ஸ்மராண்டா வாய்விட்டு வாசிப்பதில்லை

யாஷ் நகரப் பல்கலைக்கழக விடுதி அறையில் மாலை வெயில் மேசைவரை நீண்டு கிடக்கிறது. எழுத்து வகுப்பில் படிக்க வேண்டிய இந்த வாரக் குறிப்பை எழுத உட்கார்ந்த இலிங்காவுக்கு ஒரு வரியும் வரவில்லை. எதிர்க் கட்டிலில் அறைத்தோழி ஸ்மராண்டா புத்தகமும் கையுமாகச் சுவரில் சாய்ந்திருக்கிறாள். அவளுக்குத் திக்குவாய். அது சரியாகட்டும் என்று தினமும் இந்நேரம் கவிதைகளை உரக்க வாசிப்பாள். ஒரே எழுத்தில் முட்டி மோதி நிற்கும் அந்தக் குரலைத்தான் இலிங்கா போன வாரக் குறிப்பில் வேடிக்கையாக எழுதி வகுப்பில் படித்தாள். வகுப்பே சிரித்தது. பேராசிரியர்கூடப் பாராட்டினார். சளி பிடித்து அறையிலேயே படுத்திருப்பாள் என்று இலிங்கா நினைத்த ஸ்மராண்டா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள்; படித்து முடித்த பிறகுதான் இலிங்கா அவளைப் பார்த்தாள். அன்றிலிருந்து இந்த அறையில் தாள் புரளும் சத்தம் மட்டும்தான். கீழே தெருவில் டிராம் கிறீச்சிட்டுத் திரும்புகிறது. இலிங்கா பேனாவை மூடி வைக்கிறாள்.

“சத்தமா வாசியேன்டி. எனக்கு ஒண்ணும் தொந்தரவில்ல.”

ஸ்மராண்டா நிமிர்ந்து பார்க்கிறாள். முகத்தில் கோபமே இல்லை.

“வே... வேணாம்டி. மனசுக்குள்ள வாசிச்சா தி... திக்கவே இல்ல” என்று சிரித்துவிட்டு, அடுத்த பக்கத்தைப் புரட்டுகிறாள்.