ஆழமான இடம்

"டாக்டரம்மா, இது குட்டி. பால்குடி மறக்காத குட்டி."

படகோட்டி சொன்னதும் அவள் ஈர மணலில் மண்டியிட்டாள். ஒரே வாரத்தில் கரை ஒதுங்கிய நான்காவது டால்பின். உடம்பில் ஒரு கீறல் இல்லை. கண்ணுக்குப் பின்னால், காதோரம் மட்டும் ரத்தம் உறைந்திருந்தது. புதுத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் தூண் இறக்கும் இடி இங்கேயும் காலடியில் அதிர்ந்தது.

"தாய் எங்கே?"

"அதோ பாருங்க. காலையிலேருந்து அங்கேயே சுத்திச் சுத்தி வருது. போகவே மாட்டேங்குது."

அவளால் பார்க்க முடியவில்லை. நனைந்த உடையோடு விறுவிறுவென்று துறைமுகக் கட்டுமான அலுவலகத்துக்குள் நுழைந்தாள். படகோட்டி பின்னாலேயே ஓடி வந்தார்.

தலைமைப் பொறியாளர் தங்கமான மனிதர். உட்காரச் சொன்னார், துடைத்துக்கொள்ளத் துண்டு கொடுத்தார். "டாக்டர்னாங்களே, கால்நடை டாக்டரா?"

"அதை விடுங்க சார். இதைப் பாருங்க."

கைப்பேசியில் குட்டியின் படத்தைப் பார்த்ததும் அவர் முகம் வாடிப்போயிற்று.

"மனசு கேக்கலைம்மா. ஆனா வேலை பாதி முடிஞ்சிருச்சே."

"இவ்வளவு நீளக் கரையில வேற இடமே கிடைக்கலையா? அதுங்க மிச்சம் இருக்கறதே அறுபதோ எழுபதோ. அதுங்களுக்குன்னு இருக்கறது இந்த ஒரு வளைவுதான். கண்ணை மூடிக்கிட்டா இடம் பார்த்தீங்க?"

"ஐயோ, இல்லம்மா! ஒன்பது இடம் பார்த்தோம். எல்லாம் மணல்மேடு. பெரிய கப்பல் வர்றதுக்கு ஆழம் வேணுமே? திட்டத்தையே கைகழுவ இருந்தோம். அப்பத்தான் தெய்வம் மாதிரி இது கிடைச்சுது."

இழுப்பறையிலிருந்து தடித்த புத்தகம் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். புரட்டிப் புரட்டி ஓரமெல்லாம் கறுத்திருந்தது.

"யாரோ ஒரு பொண்ணு, டால்பினைக் காப்பாத்தணும்னு செஞ்ச ஆராய்ச்சி. அதுங்க ஏன் இந்த வளைவுலயே கூடுதுன்னு ஆறு வருஷம் படகுல அலைஞ்சு அளந்திருக்கு. அடியில இயற்கையாவே பெரிய பள்ளமாம்! அடிக்கு அடி வரைபடம் போட்டு வெச்சிருக்கு. சத்தியமாச் சொல்றேன்மா, இது இல்லைன்னா இந்தத் துறைமுகமே இல்லை."

அவள் புத்தகத்தைத் தொடவில்லை. படகோட்டிதான் எட்டி, அட்டையை எழுத்துக்கூட்டி வாசித்தார்.

"டாக்டரம்மா... இது உங்க பேரு."