பாதியில் திரும்பும் ஒலி

அந்தமானின் ஹட் பே ஜெட்டியை ஒட்டிக் கவிழ்த்துப் போட்டிருந்த ஃபைபர் படகின் அடிப்பக்கத்தில் விஜயகுமாரி வழவழப்பான ஜெல்லைத் தடவினாள்.

மெயின்லாந்திலிருந்து கப்பலில் வந்திருந்த படகுப் பரிசோதகர் அவள்.

தீப்பெட்டி அளவு கருவியை ஜெல்மேல் வைத்து அழுத்தினாள். காதுக்குக் கேட்காத ஒலியை அது படகின் சுவருக்குள் அனுப்பும். அடுக்குகள் ஒட்டியிருந்தால் ஒலி மறுபக்கம் வரை போய்த் திரும்பும். நடுவில் ஒட்டு விட்டிருந்தால் பாதியிலேயே திரும்பிவிடும்.

பாதியில்தான் திரும்பியது.

கையை நகர்த்தினாள். அங்கேயும் பாதியில்.

படகை ஓட்டிய முருகையா சற்றுத் தள்ளி மணலில் குந்தியிருந்தான். பாறையில் விட்டு இடித்துவிட்டான் என்று தமிழிலும் இந்தியிலும் ஜெட்டி முழுக்கப் பேச்சு. படகு பிளந்த அன்று எல்லோரும் கரை சேர்ந்தார்கள், ஒரு சிறுமியைத் தவிர.

விசாரிக்க வந்தவர்களிடம் அவன் எதையும் மறுக்கவில்லை.

விஜயகுமாரி அவனருகே போய் உட்கார்ந்தாள்.

"பாறை இல்லண்ணே. செய்யும்போதே அடுக்கு சரியா ஒட்டல. அலை அடிக்க அடிக்க உள்ளுக்குள்ளயே பிரிஞ்சிருக்கு. உங்க மேல தப்பு இல்ல."

கும்பிடுவான், அல்லது அழுவான் என்று நினைத்தாள்.

அவன் அவசரமாகச் சாலைப் பக்கம் பார்த்தான். அவன் மனைவி சுசீலா வந்துகொண்டிருந்தாள்.

"ஆபீஸுக்கு எழுதுங்க மேடம். இதே மாதிரிப் படகு இன்னும் ஓடுது, எழுதியே ஆகணும். ஆனா இவகிட்ட இப்ப சொல்லிடாதீங்க."

"ஏன்?"

"போனது எங்க பொண்ணு ஹரிணி."

விஜயகுமாரி கையில் ஒட்டியிருந்த ஜெல்லை மணலில் தேய்த்துத் துடைத்தாள்.

"பாப்பா போனதுலேருந்து சுவத்தையே பாத்துட்டுப் படுத்திருந்தா. சோறு தண்ணி கிடையாது. ஒருநாள் எந்திரிச்சு வந்து என்னைத் திட்டினா. அன்னிக்குத்தான் சாப்பிட்டா. இப்பவும் என்னைத் திட்டத்தான் காலையில எந்திரிக்கிறா, மேடம்."

சுசீலா வந்து நின்றாள். மூச்சிரைத்தது.

"என்ன சொல்றாங்க?"



"பாறைதான்னு சொல்றாங்க" என்றான் முருகையா.

சுசீலா ஆரம்பித்தாள். கண்ணைக் கடலில் வச்சியா, வேற எங்கயாவது வச்சியா என்று கேட்டாள். நீயெல்லாம் மனுசனா என்று கேட்டாள். ஜெட்டியில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

எங்கே நிறுத்திவிடுவாளோ என்பதுபோல, முருகையா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான்.