லேபிள் பைத்தியம்

“சிலிண்டர் முள்ளு இன்னும் இறங்கிடுச்சுங்க. ஆச்சா, இல்லையா?”

மனைவியின் குரலில் அழுகை எட்டிப் பார்த்தது. கட்டிலில் மாமனார் சின்ன சிலிண்டரிலிருந்து மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார். அவசரத்துக்கென்று வாங்கி வைத்தது. அதிக நேரம் தாங்காது. நாள் முழுக்க அவருக்கு மூச்சுக் கொடுக்கும் ஆக்ஸிஜன் மெஷின் கட்டிலருகே வாயை மூடிக்கொண்டு நின்றது. அதன் பிளக் கருகிப் போய்விட்டது. எலெக்ட்ரீஷியன் போனை எடுக்கவே இல்லை. ஆம்புலன்ஸ் பாலத்து நெரிசலில் மாட்டிக்கொண்டிருக்கிறதாம்.

நல்லவேளை, வீட்டில் ஒரு புது பிளக் இருந்தது. கருகின நுனியை வெட்டி, ரப்பர் உறையைச் சீவி, உள்ளே இருக்கும் மூன்று ஒயர்களையும் மாட்டிவிட்டால் தீர்ந்தது. சிவப்பு ஒரு பக்கம், கறுப்பு ஒரு பக்கம், பச்சை மேலே. இது ஒரு வேலையா?

அவனுக்கு அது பெரிய வேலைதான். பிறந்ததிலிருந்தே சிவப்பும் பச்சையும் அவன் கண்ணுக்கு ஒன்றுதான்; இரண்டுமே சேற்றுத் தண்ணீர் நிறம். கறுப்பு தெரிந்தது. மற்ற இரண்டில் எது எது என்பது ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். மாற்றி மாட்டினால் மெஷினின் இரும்பு உடம்பில் கரண்ட் ஏறும். மாமனாருக்கோ எந்நேரமும் அதன் மேல் கையை வைத்துக்கொண்டு படுக்கிற பழக்கம். இருந்த ஒரு டெஸ்டரும் பக்கத்து வீட்டுக்கு இரவல் போனது, போனதுதான். போட்டுப் பார்த்துவிடலாம் என்றால், யாராவது தொட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

மனைவியைக் கேட்டால் ஒரு நொடியில் சொல்லிவிடுவாள். கேட்க வாய் வந்தால்தானே? கல்யாணத்துக்கு முன்பே அவன் அம்மா காதோடு காதாகச் சொல்லியிருந்தாள், கண் விஷயத்தைப் பெண் வீட்டில் மூச்சு விடாதே என்று. அவனும் விடவில்லை. புது மாப்பிள்ளையாக மாமனார் வீட்டுக்குப் போயிருந்தபோது மட்டும் மாட்டிக்கொள்ளப் பார்த்தான். மழையில் மனைவியின் சிவப்புக் குடையோடு கடைக்குப் போனவன், யாருடையதோ ஒரு பச்சைக் குடையோடு வந்து நின்றான். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஞாபக மறதி என்று சொல்லித் தப்பித்தான். இத்தனை வருஷம் கழித்து இப்போது உண்மையைச் சொன்னால், ஏமாற்றிக் கட்டிக்கொண்டவன் என்றுதானே ஆகும்?

இதுநாள் வரை அவன் வண்டி ஓடியதே மனைவியின் லேபிள் பைத்தியத்தால்தான். வீட்டில் எதுவும் அவள் பேனாவுக்குத் தப்பாது. டிவிக்குப் பின்னால் போகும் ஒயர் ஒவ்வொன்றிலும் டேப்பைக் கொடி மாதிரி மடித்து ஒட்டிப் பேர் எழுதி, கிளிப் அடித்துச் சுவரோடு ஒட்டவைத்திருப்பாள். அவனுடைய சாக்ஸில் ஜோடிக்கு ஒரு எண் தைத்திருப்பாள். பழக்கூடையில்கூட ‘இப்ப சாப்பிடலாம்’, ‘இப்ப வேண்டாம்’ என்று இரண்டு சீட்டு. ஒருநாள் என் நெற்றியிலும் பேர் எழுதி ஒட்டிவிடுவாள் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அவன் கேலி பண்ணுவான். அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். ஆனால் இந்த மூன்று ஒயர்களும் இப்போதுதான் உறையை விட்டு வெளியே வந்திருக்கின்றன. இதில் அவள் பேனா எப்படிப் பட்டிருக்கும்?

மாமனார் இருமினார். நெஞ்சு ஏறி இறங்கியது. அவன் ஒரு ஒயரைத் திருகாணிப் பக்கம் கொண்டுபோனான், எடுத்துவிட்டான். பெரியவர் உயிரை வைத்தா சூதாடுவது? மானம் போனால் போகட்டும்.

“உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்,” என்றான்.

“அப்புறம் சொல்லலாம். இவ்வளவு பெரிய ஸ்க்ரூ டிரைவர் அதுக்குள்ள எப்படிப் போகும்? சமையலறை அலமாரியில சின்னது இருக்கு. ஓடிப்போய் எடுத்துட்டு வாங்க.”

ஓடினான். தட்டுமுட்டுச் சாமான்களைக் கலைத்துப் போட்டுத் தேடி எடுத்துக்கொண்டு ஓடிவந்தான். வந்து பார்த்தால், மூன்று ஒயர்களிலும் மூன்று டேப் துண்டுகள். ஒவ்வொன்றிலும் அவளுடைய உருண்டைக் கையெழுத்து.

“என் கை சும்மா இருக்குமா? எழுதிட்டேன். கோவிச்சுக்காம மாட்டுங்க,” என்றாள் அவள், அப்பாவின் நெஞ்சை நீவிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

கோபமா? காலில் விழுந்திருப்பான். ஒவ்வொன்றாகப் படித்து, டேப்பைப் பிய்த்துக் கட்டில் கம்பியில் ஒட்டிவிட்டு, ஒயரை மாட்டித் திருகினான். மூடியைப் போட்டான். மாமனாரின் கையை நகர்த்தி வைத்துவிட்டு, சுவிட்சைத் தட்டி, முதலில் தன் புறங்கையை மெஷினில் வைத்துப் பார்த்தான். ஒன்றும் ஆகவில்லை. மெஷின் உறும ஆரம்பித்தது. மனைவி மூச்சுக் குழாயைச் சிலிண்டரிலிருந்து கழற்றி மெஷினில் மாட்டினாள். கொஞ்ச நேரத்தில் பெரியவர் முகத்தில் களை வந்தது. மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆம்புலன்ஸைப் பார்க்க வாசலுக்குப் போனாள்.

மாமனார் கட்டில் கம்பியில் இருந்த டேப்புகளைத் தடவிப் படித்தார். “கறுப்பு... பச்சை... சிவப்பு...”

“உங்க பொண்ணோட பைத்தியம்தான் மாமா இன்னிக்கு நம்மளக் காப்பாத்துச்சு,” என்று அவன் அசட்டுச் சிரிப்பு சிரித்தான். “சின்ன வயசுலேருந்தே இப்படித்தானா?”

“யாரு, அவளா? செருப்புல ஒண்ணு வாசல்ல கிடந்தா இன்னொண்ணு கட்டிலுக்கு அடியில கிடக்கும்.” மாமனார் மூச்சு வாங்கிக்கொண்டார். “நீங்க குடையை மாத்தி எடுத்துட்டு வந்தீங்க பாருங்க மாப்பிள்ளை, அன்னிக்குச் சாயங்காலம்தான் முதல் தடவையா எங்கிட்ட வந்து, நல்லா ஒட்டற டேப் இருக்காப்பான்னு கேட்டா.”