பல்கணித் தண்டனை

ஐஸ் ஹாக்கியில் விதி மாறியது. ஓர் அணி நடுவரோடு முரண்பட்டு வீடியோ பார்க்கக் கேட்டு, அது பிழையென்றால் அந்த அணியில் ஒருவர் இரண்டு நிமிடம் வெளியே இருக்க வேண்டும். நடுவராயிருந்த மகள் தர்மிகா, அந்த விதியை ஜேர்மனியின் டுசல்டோர்ஃப் நகர வீட்டுக்கும் கொண்டுவந்தாள். பிழையாக வாதாடுபவர் இரண்டு நிமிடம் பல்கணியில் நிற்க வேண்டும்.

"உம்மட கலியாணக் கூறைச் சேலை பச்சை," என்றார் அப்பா உருத்திரமூர்த்தி, மனைவி குணேஸ்வரியிடம்.

தர்மிகா கலியாண வீடியோவை ஓடவிட்டாள். கூறை சிவப்பு.

"இண்டைக்கு நாலாவது பிழை," என்றாள் குணேஸ்வரி.

"ஓம். எனக்கு ரெண்டு நிமிஷம் காணாது பிள்ளை, அஞ்சாக்கு."

மனுசன் திருந்திவிட்டார் என்று குணேஸ்வரிக்குக் கண் கலங்கியது.

பக்கத்துப் பல்கணியில் வினோஜன் நின்றான். "என்ன அண்ணை, விதியை மாத்தியாச்சோ?"

"ஓம். இனிப் பாதியில அணைக்கத் தேவையில்லை," என்று சிகரெட்டைப் பற்றவைத்தார்.