தலைவி இன்னும் வரலை

பி.ஆர்.ஓ. பாக்கெட்டில் கையை விட்டு, அவசரத்தில் அகப்பட்ட சாவியை அலமாரிப் பூட்டில் நுழைத்தார். சேரவில்லை. "சே!" என்று அதைத் திரும்பப் பாக்கெட்டில் போட்டுவிட்டு, இன்னொரு சாவியால் திறந்து கேடயத்தை எடுத்தார்.

மாநகராட்சி அரங்கம் நிரம்பிவிட்டது. மணி பத்தரை. பதினொன்றுக்கு மேல் ஒரு நிமிஷம்கூட உட்கார மாட்டேன் என்று மேயரம்மா காலையிலேயே சொல்லிவிட்டார். விழா ஒழுங்காக நடந்தால் பி.ஆர்.ஓ.வுக்குப் பதவி உயர்வு, சொதப்பினால் குப்பைக் கிடங்குப் பிரிவுக்கு மாற்றல். இரண்டு உத்தரவுமே தயாராக இருப்பதாக அலுவலகத்தில் பேச்சு.

மைக் தயார், கேடயம் தயார். விழா நாயகிகளான பெண் பிள்ளைகள் தலைமைப் பயிற்சிச் சங்கத்தாரும் நாற்பது பேர், நீலச் சீருடையில் முன்வரிசைகளில் தயார். படிப்பை விட்டு நின்றுபோன முப்பது பெண்களை, வீடு வீடாகப் போய்ப் பெற்றவர்களிடம் பேசி, பள்ளிக்கூடத்துக்குத் திரும்பக் கூட்டி வந்தவர்கள் இவர்கள். எல்லாம் சரி, தலைவியைத்தான் காணோம்.

"உங்க தலைவி எங்கம்மா?" முதல் வரிசையில் இருந்த ரெட்டைச் சடைக்காரியிடம் நாலாவது தடவையாகக் கேட்டார்.

"வந்துடுவாங்க சார்."

"இதையேதான் அரை மணி நேரமா சொல்றே. பேரையாவது சொல்லு, நானே போன் பண்றேன்."

"பதவியில இருக்கறவங்களைப் பேர் சொல்ல மாட்டோம் சார். ஆறு மாசத்துக்கு அவங்க தலைவி, அவ்வளவுதான். அப்புறம் ஓட்டுப் போட்டு வேற ஒருத்தி."

உண்மைதான். சங்கத்திலிருந்து வந்த கடிதங்களில்கூட 'தலைவி' என்று டைப் அடித்திருந்ததே தவிர, பெயர் கிடையாது.

"நீ துணைத் தலைவிதானே? நீயே வந்து வாங்கிக்கோ."

"தலைவி வராம ஒருத்தரும் மேடை ஏற மாட்டோம் சார்." குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். அத்தனை தலையும் ஆமாம் என்று ஆடின.

பி.ஆர்.ஓ.வுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாசலுக்கு ஓடினார், மேடைக்கு ஓடினார், நேராக இருந்த நாற்காலியை மறுபடி நேராக்கினார். கடைசியில் மைக் செட்காரரிடம் போய்ப் பொருமினார்.

"பாத்தீங்களா, தலைமைப் பயிற்சியாம்! நேரத்துக்கு வரத் தெரியலை. என் வீட்லயும் ஒண்ணு இருக்கு, பதினாறு வயசு. லீவு நாளானா ஃப்ரெண்டு வீடு, ஃப்ரெண்டு வீடுன்னு ஒரே ஓட்டம். இன்னிக்கு ஒழுங்கா உக்காந்து பரீட்சைக்குப் படிக்கிறா. வீடு அடுத்த தெருதான், ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வரலாம்னா இவங்க விட்டாத்தானே!"

"சொன்ன பேச்சு கேக்கற பொண்ணு போல."

"கேக்க வைக்கணுங்க."

அப்போது ரெட்டைச் சடையின் போன் அதிர்ந்தது. வாயைப் பொத்திக்கொண்டு பேசினாள். பக்கத்தில் மூன்று பேருக்குக் கண்ணைக் காட்டிவிட்டு, நேராக பி.ஆர்.ஓ.விடம் வந்தாள்.

"சார், வெளி வராந்தாவுல நீள ஏணி ஒண்ணு இருக்கே, அது வேணும். கால் மணியில கொண்டாந்துடறோம்."

மேடைக்கு மேலே பேனரின் ஒரு மூலை அவிழ்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. "நானே சொல்லணும்னு இருந்தேன். எடுத்துக்கோங்க, இதுக்கெல்லாம் கேக்கணுமா?" என்றார். பரவாயில்லையே, பொறுப்பான பிள்ளைகள்தான் என்று ஒரு சின்ன மெச்சல் வேறு. நாலு பேரும் விறுவிறுவென்று வெளியே போனார்கள்.

பத்தே முக்கால். இனியும் சும்மா உட்கார வைக்க முடியாது என்று மேயரம்மாவைப் பேச அழைத்தார். பேச்சை எழுதிக் கொடுத்ததே பி.ஆர்.ஓ.தான், இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு.

"பெண் பிள்ளைகளுக்கு நாம் பாதை போட்டுக் கொடுக்க வேண்டியதில்லை. கதவைத் திறந்து விட்டால் போதும்!" என்று மேயரம்மா படித்தார். கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது. எழுதியவரும் தன்னை மறந்து தட்டினார்.

பேச்சு முடிந்தபோது பதினொன்றுக்கு இரண்டு நிமிஷம். மேயரம்மா கைப்பையை எடுத்துக்கொண்டார். பி.ஆர்.ஓ.வின் மூக்கில் குப்பைக் கிடங்கு வாடை அடிக்க ஆரம்பித்துவிட்டது.

"பேனர் இன்னும் தொங்குதே சார்," என்றார் மைக் செட்காரர். "ஏணி எங்க போச்சு?"

அவர் பதில் சொல்வதற்குள் முன்வரிசைகள் மொத்தமாக எழுந்து நின்றன. "தலைவி வந்தாச்சு!"

பி.ஆர்.ஓ. மேசைமேல் இருந்த கேடயத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் ஒரு மணி நேரக் கோபம் முந்திக்கொண்டது. திரும்பிக்கூடப் பார்க்காமல் மைக்கைப் பிடித்தார்.

"வாம்மா தலைவி! மேயர் காத்துக்கிட்டிருக்காங்க, ஊரே காத்துக்கிட்டிருக்கு. இவ்வளவு நேரம் எங்க இருந்தே? யாரால இந்தத் தாமதம்? எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லு!"

வாசலில் நாலு பெண்கள் ஏணியோடு மூச்சு வாங்க நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் வந்தவளின் நீலச் சட்டையெல்லாம் சுவர்ச் சுண்ணாம்பு, முழங்கையில் சிராய்ப்பு. மேடையேறி, பக்கத்து மைக்கில் நிதானமாகச் சொன்னாள்.

"வீட்லதான்ப்பா இருந்தேன். சாவி உங்க பாக்கெட்ல இருக்கு."