மணல்தீவுக் கோப்பை

கரையொதுங்குகிறவர்களுக்காகக் குருநகர் மீனவர்கள் ஆளில்லாத மணல்தீவுக் குடிசையில் தண்ணீரும் அரிசியும் வைப்பார்கள். கணவர் நீக்கிலாஸ் கடலில் காணாமற்போனதிலிருந்து அருமைநாயகி ஒரு கோப்பையும் கரண்டியும் கொடுத்தனுப்பி, படகு போகும்போதெல்லாம் தேயிலையும் அனுப்பிவந்தாள். ஒவ்வொரு முறையும் தேயிலை குறைந்திருக்கிறது, கோப்பை கழுவிக் கவிழ்த்து, அவர் வைப்பதுபோலவே மேலே கரண்டி குறுக்காக இருக்கிறது என்பான் படகோட்டி சுரேஸ். அவள் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்துவாள்.

இந்த முறை அவளே போனாள். இரண்டு கோப்பைகள் கவிழ்ந்திருந்தன. பக்கத்தில் ஒரு சீப்பு. அதில் நீளமான கறுப்பு முடி சிக்கியிருந்தது. அருமைநாயகிக்குத் தலை முழுக்க நரை.

“நான் ஒரு கோப்பைதானே தந்துவிட்டனான்?”

“ஓம் அக்கா. இஞ்சை பொம்பிளையள் ஆரும் வாறேல்லை.”

தேயிலையையும் தண்ணீரையும் தூக்கிக்கொண்டு அவள் படகில் ஏறினாள்.

“அக்கா, இனி வாறவைக்கு?”

“உந்தச் சீப்புக்காரி ஊத்திக் குடுக்கட்டும்.”

குடிசைக்குள் ஒரு கோப்பை விழுந்து உடைந்தது.